அரிசிப் பானையில் ஒரு ட்ரோன்

நீரில் விழுந்த கைபேசியை அரிசிக்குள் புதைத்து வைத்தால் பிழைத்துவிடும் என்று உங்களுக்கும் யாரேனும் சொல்லியிருப்பார்கள். பாட்டி வைத்தியம் போல வாய்மொழியாகப் பரவிய இந்த முறை, இப்போது ட்ரோன் எனப்படும் ஆளில்லாக் குறுவிமானங்களுக்கும் வந்துவிட்டது. பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிடும் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். "தண்ணீரில் விழுந்தால் அரிசியில் 3 நாள் வைப்போம், காய்ந்ததும் போட்டுப் பார்ப்போம்" என்பார்கள். பழுது நீக்கச் சொல்லித் தரும் காணொளிகளில் பலவும் இதையேதான் சற்று அலங்காரத்துடன் சொல்கின்றன. இந்த ஆலோசனையை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு.

என் தங்கையின் மகன் பாலிடெக்னிக் மாணவன். ஓராண்டு சேர்த்த காசில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, தானே சாலிடர் வைத்து, 5 அங்குல விசிறிகள் நான்கு கொண்ட ட்ரோன் ஒன்றைக் கட்டினான். ஒரு நாள் அது கடலோர உப்பங்கழியில் விழுந்துவிட்டது. முழங்கால் நீரில் துழாவி எடுக்க 10 நிமிடங்கள் ஆயின. கரைக்கு வந்த பிறகே பேட்டரியைக் கழற்றினான். வீட்டில் 3 நாள் அரிசிப் பானை வாசம். நான்காம் நாள் வேறொரு பேட்டரியை மாட்டியதும் மோட்டார்கள் வழக்கமான சுரங்களை ஒலித்தன. "மாமா, பறக்குது மாமா!" என்று தொலைபேசியில் கூவினான். நானும் மகிழ்ந்தேன்.

அதன்பின் 11-ஆம் நாள், தூறல் விட்ட ஒரு மாலையில், தென்னை மர உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது ஒரு மோட்டார் திடீரென்று நின்றது. நான்கில் ஒன்று நின்றால் இத்தகைய ட்ரோன் நிலைகொள்ளாது, சுழன்றுகொண்டே விழும். விழுந்த இடம், நிறுத்தி வைத்திருந்த ஒரு ஸ்கூட்டரின் இருக்கை. சற்று முன்புவரை அதில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் 10 நாட்களுக்குள் எங்களை யாராவது கேட்டிருந்தால், "அரிசி வைத்தியம் பலித்தது" என்று சத்தியம் செய்திருப்போம். இந்த முறைக்குச் சான்று கூறுவோரில் பலர் அந்த 10 நாட்களுக்குள் இருப்பவர்கள். அரிசியில் போடாமல் சும்மா மேசை மேல் வைத்திருந்தாலும் அந்தக் கருவி பிழைத்திருக்குமா என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இல்லை.

அரிசி என்ன செய்கிறது?

நம் வீட்டுப் பானையிலுள்ள அரிசியில் ஏற்கெனவே 12 முதல் 14 விழுக்காடு ஈரம் இருக்கிறது. அது அறைக் காற்றின் ஈரத்தோடு சமநிலை கண்டுவிட்ட பொருள். மேலும் நீரை இழுக்கும் ஆவல் அதற்கு அதிகம் இல்லை. புதுப் பெட்டிகளில் சிறு பொட்டலமாக வரும் சிலிக்கா ஜெல், நன்கு ஈரமான காற்றில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரைப் பிடிக்க வல்லது. அரிசியை அதனோடு ஒப்பிடவே முடியாது. தவிர, மாவுத் தூள் உதிர்ந்து துளைகளில் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே 2024-ல், நனைந்த கைபேசியை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், நுண்துகள்கள் அதைப் பழுதாக்கக்கூடும் என்று தன் பயனர்களுக்கு எழுதியது.

ஆனால் அரிசி நன்றாக உறிஞ்சாது என்பது என் முதன்மையான குறை இல்லை. அது நன்றாகவே உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ட்ரோன் பிழைக்காது. ஏனென்றால் அதைக் கெடுப்பது நீர் மட்டும் இல்லை. நீரில் கரைந்திருக்கும் உப்பும், பேட்டரியின் மின்னழுத்தமும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்கின்றன. நீர் போகும், உப்பு போகாது.

தூய நீர் மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்தாது. 25 டிகிரி செல்சியசில் அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன். கடல்நீருக்கோ ஏறத்தாழ 50,000. அதாவது 9 லட்சம் மடங்கு! கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு துளியை 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், அது காய்ந்தபின் ஏறத்தாழ 1.75 மில்லிகிராம் உப்பு மிஞ்சும். ஐ.சி.யின் கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் கூட இடைவெளி இல்லாத பலகையில் இது சிறு அளவு இல்லை.

இனி அந்த 10 நிமிடங்களுக்கு வருவோம். மேல்நிலை வகுப்பில் பாரடேயின் மின்னாற்பகுப்பு விதியைப் படித்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற அந்த விதியை இங்கே போட்டுப் பாருங்கள். நீரைப் பகுக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். ட்ரோனில் இருந்ததோ 4 செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. முழு மின்னேற்றத்தில் 16.8 வோல்ட். உப்புநீர் வழியே 10 மில்லி ஆம்பியர் மட்டுமே கசிந்தது என்று வைத்துக்கொள்வோம். 600 விநாடிகளில் 6 கூலும். ஒரு கூலும் மின்னூட்டம் 0.33 மில்லிகிராம் தாமிரத்தைக் கரைக்கும். ஆக, 2 மில்லிகிராம். மின்சுற்றுப் பலகையில் 0.15 மில்லிமீட்டர் அகலமும் 0.035 மில்லிமீட்டர் கனமும் உள்ள தாமிரத் தடம், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.047 மில்லிகிராம்தான் இருக்கும். அப்படியானால் கரைந்தது 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தடம்! மின்னோட்டம் முழுவதும் தாமிரத்தைக் கரைப்பதிலேயே செலவாவதில்லை. குளோரினும் ஆக்சிஜனும் கூட வெளிப்படும். கரைவதும் ஒரே இடத்தில் நிகழ்வதில்லை. பத்தில் ஒன்பதைத் தள்ளினாலும் 4 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. ஒரு தடத்தை அறுக்க ஒரு மில்லிமீட்டர் போதும்.

எனவே விழுந்தவுடன் செய்ய வேண்டிய வேலை பேட்டரியைப் பிடுங்குவது. நீருக்குள் கை பட்ட கணமே, ட்ரோனைத் தூக்குவதற்கு முன்பே. இதை முதல் வரியில் சொல்லாத வழிகாட்டி எதுவாயினும் நான் அதை மூடி வைத்துவிடுவேன். பேட்டரி வீங்கியோ சுட்டோ இருந்தால் மட்டும் வெறுங்கையால் தொடக்கூடாது.

காய்ந்தபின் ஏன் கெட்டது?

11-ஆம் நாள் கதைக்கு விடை சமையலறையில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நம் கடற்கரை ஊர்களில் மழைக்கால இரவுகளில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, அரிசியில் 3 நாள் காய்ந்த ட்ரோன் ஒவ்வோர் இரவும் மறுபடி நனைகிறது. பேட்டரியை மாட்டும் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து மின்னாற்பகுப்பு தொடர்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, மூன்றாவது மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றில் பித்தளைப் பாத்திரத்தில் படிவது போன்ற பச்சைக் களிம்பும், அதன் கீழே நூலிழையாய் இளைத்து அறுந்த தடமும் தெரிந்தன.

தலைமுடி உலர்த்தும் கருவியால் ஊதுவதையும், வெயிலில் வைப்பதையும் இதே தராசில் நிறுக்கலாம். உப்பை அவை இன்னும் விரைவாக அங்கேயே படியவிடும்.

காய வைப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். நனைந்த பொருளைக் காப்பாற்ற மேலும் நனைப்பதா என்று திகைக்காதீர்கள். மின்சாரம் இல்லாதபோது நீர் பெரிய பகை இல்லை. பேட்டரியையும் காமிராவையும் அகற்றிவிட்டு, காயவிடாமல், இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீரில், அதாவது வாலை வடித்த நீரில், பலகைகளை அலச வேண்டும். அது கிடைக்கத் தாமதமாகுமானால் குழாய் நீரில் முதல் அலசலை முடித்துக்கொள்ளலாம். துணி அலசும் கணக்குதான் இங்கும். ஒவ்வோர் அலசலுக்குப் பின்னும் பழைய நீரில் பத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், மூன்று அலசலில் உப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். ஐ.சி.க்கு அடியில் மெல்லிய இடுக்கில் நுண்புழை ஈர்ப்பால் நீர் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஊறவிட்டு, ஆட்டி, மென்மையான பல்துலக்கியால் ஓரங்களைத் தேய்க்க வேண்டும்.

இங்கே, அரிசிக் கட்சியைக் கேலி செய்யும் அறிந்தவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் நேரே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவு என்கிறார்கள். குளத்து நீருக்கு அது ஓரளவு சரி. கடல்நீருக்கு அரைகுறை மருந்து. உப்பு அந்த ஆல்கஹாலில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு ஆல்கஹால் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள், அடியிலேயே கிடக்கும். ஆல்கஹாலின் வேலை இரண்டாவது. நீரோடு எந்த அளவிலும் கலந்து, இடுக்கிலுள்ள நீரை வெளியேற்றி, தானும் விரைவில் ஆவியாவது. அதற்கு 99 விழுக்காட்டுச் சரக்கு வேண்டும். கைக்குத் தடவும் கிருமிநாசினியில் நீரும் கிளிசரினும் இருப்பதால் அது உதவாது. அடுப்பும் புகையும் அருகில் கூடவே கூடாது. இதன் ஆவி நம் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். புளி போட்டுக் களிம்பு நீக்கலாமா என்று மருமகன் கேட்டான். புளியின் அமிலம் குத்துவிளக்குக்குச் சரி. மயிரிழைத் தடத்தில் களிம்போடு தாமிரமும் போகும்.

கைபேசிக் கடைக்காரர் மீயொலித் தொட்டியில் போட்டுத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். ட்ரோனின் சமநிலை காக்கும் சுழல்மானி, நுண்ணிய சிலிக்கன் உறுப்புகள் அதிர்ந்து இயங்கும் ஒரு சில்லு. மீயொலியில் அது பழுதாகும் என்று செய்வோரே எச்சரிக்கிறார்கள். கைபேசியில் சுழல்மானி பிசகினால் படம் சாயும். ட்ரோனில் பிசகினால் ட்ரோனே சாயும்.

மோட்டார்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பிரஷ் இல்லாத இந்த மோட்டார்களின் கம்பிச் சுருளுக்கு எனாமல் பூச்சு உண்டு; நீருக்குள்ளேயே கூட அவை சுழலும். கெடுவது பேரிங். அலசிக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டுக் கையால் சுழற்றுங்கள். கரகரப்புக் கேட்டால் பேரிங்கை மாற்றுவதே வழி.

போட்டுப் பார்ப்பது எப்படி?

"காய்ந்ததும் போட்டுப் பார்" என்ற அறிவுரையில் எனக்கு மிகவும் கோபம் தருவது இந்த 'போட்டுப் பார்'. லித்தியம் பேட்டரி நொடியில் பல பத்து ஆம்பியர் கொடுக்க வல்லது. எங்கோ ஒரு குறுக்கிணைப்பு இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் முன் பலகையே கருகிவிடும். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் பல காலமாகக் கையாளும் சீரிஸ் பல்பு இங்கே கைகொடுக்கிறது. லாரியின் 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே வரிசையில் இணையுங்கள். விசிறிகளைக் கழற்றிவிடுங்கள், படம் அனுப்பும் கருவியையும் பிரித்து வையுங்கள். இணைத்ததும் பல்பு கண்சிமிட்டிவிட்டு மங்கினால் மின்தேக்கி நிரம்பியது என்று பொருள், நல்ல அடையாளம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே கழற்றுங்கள், உள்ளே குறுக்கிணைப்பு. பல்பு ஒரு ஆம்பியருக்கு மேல் விடாததால் சேதம் பெரும்பாலும் அத்தோடு நிற்கும்.

குறை எந்த மோட்டார்ச் சுற்றில் என்று காண மல்டிமீட்டர் போதும். மின்சாரம் இல்லாத நிலையில், மோட்டார்களைப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு மோட்டாருக்கும் போகும் 3 முனைகளுக்கும் பேட்டரியின் நேர், எதிர் முனைகளுக்கும் இடையே மின்தடையை அளங்கள். சரியான அளவு எத்தனை ஓம் என்று பலர் கேட்கிறார்கள். சில வழிகாட்டிகள் எண்ணும் கொடுத்துவிடுகின்றன. பலகைக்குப் பலகை மாறும் எண் அது, நம்ப வேண்டாம். உங்களிடம் ஒரே மாதிரியான 4 சுற்றுகள், 12 முனைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பதினொன்று ஒத்துப்போய் ஒன்று மட்டும் மாறினால் குற்றவாளி அதுவே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற வழக்கம் இங்கே செல்லாது. எல்லாச் சோற்றையும் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

நனைந்த பேட்டரி தனிக் கதை. என்னைக் கேட்டால், கடல்நீரில் விழுந்ததை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது. மேலுறை காய்ந்து அழகாகத் தெரியும். உறைக்கு உள்ளே செல்களின் முனைகளை உப்பு அரித்துக்கொண்டிருக்கும். உறையில் சிறு துளை விழுந்து ஈரம் உட்புகுந்தால் அங்குள்ள லித்தியம் உப்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் புளோரைடு என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும். தீப்பிடிப்பது உடனேயும் நேரலாம், சில நாள் கழித்தும் நேரலாம். ஆகவே அதை அரிசிப் பானையிலோ கட்டிலடியிலோ வைக்காமல், வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத திறந்த தரையில் மணல் சட்டியில் வைக்க வேண்டும். சில நாள் கழித்தும் வீங்காமல், சுடாமல், இனிப்பான கரைப்பான் நெடி வீசாமல் இருந்தால், அங்கேயே வைத்து அதே லாரி பல்பை மாட்டி அதன் மின்னூட்டத்தை முழுக்க வடித்துவிட்டு மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம். உப்புநீர் வாளியில் போட்டு வடிக்கச் சொல்லும் பழைய அறிவுரை ஒன்றும் உலவுகிறது. மேலே போட்ட பாரடே கணக்கைத் திரும்பிப் பாருங்கள். முனைகள் முதலில் அரிக்கப்பட்டுத் தொடர்பு அறும். செல்லுக்குள் மின்னூட்டம் அப்படியே இருக்கும். வடிந்துவிட்டதென்று நம்பிக் குப்பையில் போடுவோம்.

மருமகனின் ட்ரோனைப் பிரிக்க முடிந்தது. அவனே கட்டியது, திருகாணிகளால் ஆனது. அறுந்த சுற்று இருந்த வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும் மாற்றினோம். அதன் துளைகள் 30.5 மில்லிமீட்டர் இடைவெளி என்ற பொது அளவில் இருப்பதால் வேறொரு நிறுவனத்தின் பலகையும் அதே இடத்தில் உட்கார்ந்தது. கடையில் முழுதாக வாங்கும் மடக்கு ட்ரோன்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. பசையால் ஒட்டிய ஓடு, மின்சுற்று வரைபடம் வெளியிடப்படாமை, தனியாகக் கிடைக்காத உறுப்பு. அரிசிப் பானையை நாடுகிறவனை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவனுக்கு வேறு கதவு திறக்கப்படவில்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலைத் தொடங்கியபோது வேளாண் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. ட்ரோன் அந்தப் பட்டியலில் தனித் துறையாக இடம்பெறவில்லை.

பழுது நீக்கிய பின் சிலிக்கோன் காப்புப் பூச்சு அடித்தான். கழுவிய பிறகே அடிக்க வேண்டும். உப்பின் மேல் அடித்தால் நோயை உள்ளே வைத்துத் தைத்தது போலாகும். முதல் நாள் விசிறி இல்லாமல் ஒவ்வொரு மோட்டாரையும் 2 நிமிடம் ஓட்டி, தொட்டுச் சூடு பார்த்தோம். அடுத்த நாள் ஆளில்லாப் புல்தரையில் முழங்கால் உயரத்தில் ஒரு பேட்டரி தீரும் வரை. மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவு முழுவதும் திண்ணையில் வைத்துவிட்டு, காலையில் அந்தச் சோதனையை முதலிலிருந்து மறுபடியும். ஒரு மாதம் கழியும்வரை யார் தலைக்கும் மேலே பறக்கவிடக்கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. உயரம் காட்டும் அழுத்தமானி, சிறு துளை வழியே காற்றழுத்தத்தை அளக்கிறது. கடல்மட்டத்தருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் 12 பாஸ்கல்தான் குறையும். துளைக்குள் ஒரு துணுக்கு உப்பு இருந்தாலும் அந்த நுண்மை கெட்டுவிடும். மேசைமேல் அசையாமல் கிடக்கும் ட்ரோன், தான் 6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொல்கிறது. துளைக்குள் பிரஷ்ஷை விடப் பயந்து அதை நிறுத்தி வைத்துவிட்டு, உயரத்தைக் கண்ணாலேயே பார்த்து ஓட்டுகிறான்.